பொருத்தனை பண்ணின பிறகு

டிசம்பர் 31 இரவு ஆராதனை முடிந்து வெளியே வரும்போது எல்லார் கையிலும் ஒரு வாக்குத்தத்த அட்டை இருக்கும். சிலர் அதை வேதாகமத்துக்குள் வைப்பார்கள், சிலர் பீரோ கண்ணாடியின் ஓரத்தில் செருகுவார்கள். ஆண்டவர் நமக்குச் சொன்னது பத்திரமாக வீட்டுக்கு வந்துவிடுகிறது. அதே இரவில், மணி பன்னிரண்டு அடிக்குமுன் முழங்காலில் நின்று நாம் ஆண்டவருக்குச் சொன்னதற்கு அட்டை கிடையாது. பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறப்பதற்குள், என்ன சொன்னோம் என்பதே பலருக்கு நினைவிருக்காது.

எதைத் தீர்மானிப்பது என்பதைப் போன அத்தியாயத்தில் பார்த்தோம். இந்த அத்தியாயம் தீர்மானித்த மறுநாளிலிருந்து தொடங்குகிறது. தினமும் குடும்ப ஜெபம் வைக்கிறேன் என்றது, தசமபாகம் எடுத்துவைக்கிறேன் என்றது, இனிக் குடியைத் தொடமாட்டேன் என்றது, மகனுக்கு வேலை கிடைத்தால் முதல் சம்பளம் ஆலயத்துக்கு என்று பொருத்தனை பண்ணினது, தங்கை பிள்ளைக்கு ஞானத்தாயாக நின்று சம்மதம் சொன்னது, கலியாணத்தன்று சபைக்கு முன் கைபிடித்துச் சொன்னது எல்லாம் இதில் அடங்கும். கனமும் காலமும் வேறுவேறு என்றாலும் இவை உடைகிற விதம் பெரும்பாலும் ஒன்றுதான். பெரிய சோதனை வந்து உடைவது குறைவு. யாரும் கவனிக்காத ஒரு வாரத்தில் ஒருநாள் விட்டு, மறுநாளும் விட்டு, மூன்றாம் நாள் அதை நினைக்கவே கூச்சப்பட்டு ஒதுங்கிப்போவதுதான் வழக்கம்.

இரண்டு அதிகாரங்கள்

நெகேமியாவின் புத்தகத்தில் 10ஆம் அதிகாரத்தையும் 13ஆம் அதிகாரத்தையும் சேர்த்து ஒரே தடவையில் படித்துப் பாருங்கள். இந்த நூல் முழுவதற்கும் ஒரே ஒரு வேதபகுதியைச் சொல்லச் சொன்னால் நான் இதைத்தான் சொல்வேன்.

எருசலேமின் அலங்கம் கட்டி முடிந்துவிட்டது. ஏழாம் மாதம் 24ஆம் தேதி ஜனங்கள் இரட்டுடுத்தி உபவாசமாய்க் கூடினார்கள். பகலில் கால்பங்கு நேரம் நியாயப்பிரமாணம் வாசிக்கப்பட்டது. இன்னொரு கால்பங்கு பாவ அறிக்கையில் போனது. பிறகு உடன்படிக்கையை எழுதி முத்திரை போட்டார்கள். முத்திரை போட்டவர்களின் பெயர்களே 80க்கு மேல் இருக்கின்றன. இனிமேல் ஒழுங்காக இருப்போம் என்று பொதுவாக எழுதி முடித்துவிடவில்லை. புறஜாதியாரோடு பெண் கொடுத்துப் பெண் எடுப்பதில்லை, ஓய்வுநாளில் சரக்கு வாங்குவதில்லை, ஏழாம் வருஷத்தில் நிலத்தையும் கடனையும் விட்டுவிடுவது, ஆலய ஊழியத்துக்கு வருஷம் ஆளுக்கு மூன்றில் ஒரு பங்கு சேக்கல், முதற்பலன், லேவியருக்குத் தசமபாகம் என்று இனம் இனமாக எழுதினார்கள். பலிபீடத்துக்கு விறகு எந்த வீட்டார் எப்போது கொண்டுவருவது என்பதற்குச் சீட்டுக்கூடப் போட்டார்கள். ஆலயத்தைக் கைவிடமாட்டோம் என்ற உறுதியோடு பத்திரம் முடிகிறது.

எழுத்தில் இருந்தது. சாட்சிகள் இருந்தார்கள். அளவும் தவணையும் சொல்லப்பட்டிருந்தன. மனஸ்தாபமும் பொய்யில்லை. தீர்மானங்களைப் பற்றி இன்று புத்தகம் எழுதுகிறவர்கள் என்னென்ன வேண்டும் என்கிறார்களோ அத்தனையும் அந்தப் பத்திரத்தில் இருந்தது.

அர்தசஷ்டா ராஜாவின் 20ஆம் வருஷத்தில் யூதாவுக்கு வந்த நெகேமியா, 32ஆம் வருஷத்தில் ராஜாவிடம் திரும்பிப் போனார். கொஞ்ச காலம் கழித்து, மறுபடி உத்தரவு வாங்கிக்கொண்டு வந்து பார்த்தால், பட்டியலில் முக்கியமானவை எல்லாம் காற்றில் போயிருந்தன. பங்கு கிடைக்காத லேவியர் ஆலய வேலையை விட்டுவிட்டு அவரவர் வயலுக்கு ஓடியிருந்தார்கள். ஓய்வுநாளில் திராட்சை ஆலை மிதிக்கப்பட்டது, கழுதைகள்மேல் தானியமும் அத்திப்பழமும் ஏறின, தீரு பட்டணத்தார் மீன் கொண்டுவந்து எருசலேமுக்குள்ளேயே விற்றார்கள். அஸ்தோத் பெண்களைக் கட்டியவர்களின் வீட்டுப் பிள்ளைகளுக்கு யூத பாஷை பேசத் தெரியவில்லை.

இதில் தொபியாவின் அறையை நான் திரும்பத் திரும்பப் படிப்பதுண்டு. தானியமும் சாம்பிராணியும் தசமபாகமும் வைக்கிற பெரிய அறை ஒன்று ஆலயத்தில் இருந்தது. அதை ஆசாரியன் எலியாசிப் தொபியாவுக்கு ஒழித்துக் கொடுத்திருந்தான். அலங்கம் எழும்புகிற காலத்தில் கேலி பேசி எதிர்த்து நின்ற அதே தொபியாவுக்கு! தசமபாகம் ஒழுங்காக வந்துகொண்டிருந்தால், அந்த அறையில் அவன் சாமான் வைக்க இடம் இருந்திருக்காது என்பது என் ஊகம். விட்டுப்போன வாக்கின் இடம் காலியாகக் கிடப்பதில்லை, யாராவது குடிவந்துவிடுகிறார்கள். இரவு எட்டரை மணி ஜெபம் நின்றுபோன வீட்டில் அந்த எட்டரை மணி இப்போது எந்த சீரியலிடம் இருக்கிறது என்று பாருங்கள். கைபேசியிடம் இருந்தாலும் இருக்கும். மறுபடி தொடங்க நினைக்கிறவர்கள் ஜெபத்துக்கு நேரம் தேடி அலைவதற்குமுன் தொபியாவைக் காலிபண்ண வேண்டும்.

நெகேமியா அதைத்தான் முதலில் செய்தார். தொபியாவின் தட்டுமுட்டுகளை வெளியே எறிந்து, அறையைச் சுத்திகரித்து, பழையபடி பணிமுட்டுகளையும் காணிக்கைகளையும் உள்ளே வைத்தார். பண்டசாலைக்குப் பொறுப்பாக செலேமியா, சாதோக், பெதாயா என்ற மூன்று பேரையும் அவர்களுக்கு உதவியாக ஆனானையும் ஏற்படுத்தினார். நால்வரும் உண்மையுள்ளவர்கள் என்று பெயரெடுத்தவர்கள். பிறகு ஓய்வுநாள் விஷயம். முந்தின மாலை வாசல்களில் இருட்டு விழத் தொடங்கியதுமே கதவுகளைப் பூட்டச் சொன்னார். ஓய்வுநாள் முடியும்வரை திறக்கக்கூடாது என்று தன் வேலைக்காரரில் சிலரைக் காவலுக்கு நிறுத்தினார். வியாபாரிகள் ஒன்றிரண்டு தரம் மதிலுக்கு வெளியே ராத்தங்கிப் பார்த்தார்கள். இன்னொரு தரம் வந்தால் கைவைப்பேன் என்றதும் வரத்து நின்றது. (சிலரை அடித்து மயிரைப் பிய்த்தார் என்றும் அந்த அதிகாரத்தில் இருக்கிறது. குடும்பத் தலைவர்கள் அந்தப் பகுதியைப் பின்பற்ற வேண்டாம்.)

பத்தாம் அதிகாரத்தில் ஜனங்கள் மனதில் முடிவு செய்தார்கள், பதிமூன்றில் கதவு பூட்டப்பட்டது. வித்தியாசம் அவ்வளவுதான். மீன்கூடை தெருவுக்குள் இறங்கிய பிறகு ஓய்வுநாளை நினைவூட்டிப் பிரயோஜனமில்லை. சம்பளம் கணக்கில் ஏறிய அன்றே தசமபாகத்தைத் தனியே எடுத்துவிடுகிறவருக்கு மாதக் கடைசியில் மனப்போராட்டம் வருவதில்லை, ஏனென்றால் போராடுவதற்குக் கையில் எதுவும் இருப்பதில்லை. இரவில் கைபேசி பார்ப்பதை விட்டுவிடுகிறேன் என்றவர் அதைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பெலனுக்காக ஜெபிப்பதைவிட, முன்னறையில் சார்ஜில் போட்டுவிட்டு வந்து ஜெபிக்கலாம்.

அப்படியானால் கிருபைக்கு இதில் என்ன வேலை என்று கேட்பீர்கள். நெகேமியா ஒவ்வொரு காரியத்தையும் முடித்ததும் ஒரு சின்ன ஜெபம் பண்ணுகிறார். பண்டசாலையைச் சீர்ப்படுத்தியதும் ஒன்று, கதவைப் பூட்டியதும் ஒன்று, எல்லாம் முடிந்ததும் ஒன்று. கதவைப் பூட்டிய பிறகு வருகிற ஜெபத்தில்தான், தேவனுடைய மிகுந்த கிருபையின்படி தனக்கு இரங்கவேண்டும் என்று கேட்கிறார். பூட்டு இருக்கிறது, காவலுக்கு ஆள் இருக்கிறது, இனி நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அவர் எண்ணவில்லை. பூட்டுவதும் இரங்கும்படி கேட்பதும் அவருக்கு ஒரே வேலை.

பெலனைக் கேட்கிற நேரம்

இதில் நம்மவர்கள் இரண்டு பக்கமும் சறுக்குகிறார்கள். ஒருவர், “தீர்மானம் எடுத்தேன் பாஸ்டர், கர்த்தர் பெலன் தரலை” என்பார். பெலனை எப்போது கேட்டீர்கள் என்றால் பதில் வராது. டிசம்பர் 31 அன்று கேட்டதுதான் கடைசியாக இருக்கும். இன்னொருவர் கேட்கவே மாட்டார். அவருக்கு ரோஷம் இருக்கிறது, வைராக்கியம் இருக்கிறது, அது போதும்.

பேதுரு இந்த இரண்டாம் ரகம். எல்லாரும் இடறினாலும் தான் இடறுவதில்லை என்று சொன்னபோது அவர் மனதில் துளியும் கள்ளமில்லை. அன்று இரவு அவரிடம் கேட்கப்பட்டது ஒரு மணி நேரம் விழித்திருந்து ஜெபிப்பது மட்டும்தான். அவர் தூங்கினார். பட்டயத்தை உருவிப் பிரதான ஆசாரியனின் வேலைக்காரன் காதை வெட்டுகிற துணிச்சல் இருந்தது. குளிர்காய்கிற இடத்தில் ஒரு வேலைக்காரப் பெண் கேட்ட கேள்விக்கு உண்மையைச் சொல்லத்தான் முடியவில்லை. பெரிய போராட்டத்துக்கு ஆயத்தமாக இருந்தவர் சின்னக் கேள்வியில் விழுந்தார். பிறகு திபேரியா கடற்கரையில், என்மேல் அன்பாயிருக்கிறாயா என்று இயேசு மூன்று தரம் கேட்கும்போது பேதுரு மற்றவர்களோடு தன்னை ஒப்பிட்டுப் பேசவில்லை. உமக்கே தெரியும் என்று அவரிடமே விட்டுவிடுகிறார். பொருத்தனை பண்ணுகிறவர் எந்தக் குரலில் பேசவேண்டும் என்பதற்கு எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

ஆகவே பழக்கத்தில் இப்படி வைத்துக்கொள்ளுங்கள். காலையில் எழுந்ததும் அந்த ஒரு வாக்கைப் பெயர் சொல்லி, அன்றைக்கு வேண்டிய பெலனை மட்டும் கேளுங்கள். வருஷம் முழுவதற்குமாகக் கேட்க வேண்டாம். இன்றைக்கு எங்கே இடறக்கூடும் என்று தெரிந்தால் அதையும் சொல்லிவிடுங்கள்: சாயந்திரம் மச்சான் வீட்டு விசேஷம் இருக்கிறது, அங்கே பாட்டில் திறப்பார்கள் என்றால் அப்படியே சொல்லுங்கள். சொல்லும்போதே, விசேஷத்துக்கு மதியமே போய்விட்டு விளக்கு வைக்குமுன் திரும்பிவிடலாம் என்று தோன்றும். அந்த யோசனையும் கிருபைதான். கிருபை நம்மைப் பழக்குவிக்கிறது என்பது தீத்துவுக்குப் பவுல் எழுதின நிருபத்தில் இருக்கிறது. மற்ற அப்போஸ்தலரைவிட அதிகமாகப் பாடுபட்டேன் என்று கொரிந்தியருக்கு எழுதினவரும் அவர்தான். எழுதிய கையோடு, பட்டது நான் அல்ல, கிருபை என்று திருத்துகிறார். பாடுபட்டது பொய் என்று அவர் சொல்லவில்லை.

‘கர்த்தருக்குச் சித்தமானால்’ என்று நாம் சொல்வதைப் பற்றியும் இங்கே ஒரு வார்த்தை. யாக்கோபு அதைச் சொல்லச் சொன்னது, நாளைக்கு நடப்பதை அறியாதவர்கள் நாம் என்ற தாழ்மைக்காக. நம் வீடுகளில் அது பல சமயம் முன்ஜாமீனாக ஆகிவிட்டது. வரமாட்டோம் என்று மனதுக்குள் முடிவு செய்துவிட்டு, ‘சித்தமானால் வர்றோம்’ என்று சொல்லி அனுப்புகிறோம். செய்யக்கூடியதற்கு ஆம் என்று சொல்லுங்கள், செய்யப்போவதில்லை என்றால் இல்லை என்று சொல்லுங்கள். ஆண்டவருடைய சித்தத்தை அந்த வேலைக்கு இழுக்க வேண்டாம்.

வீட்டாரிடம் சொல்லிவிடுங்கள்

எண்ணாகமம் 30ஆம் அதிகாரம் முழுக்கப் பொருத்தனையைப் பற்றியது. மகள் பண்ணின பொருத்தனையைத் தகப்பனும், மனைவி பண்ணினதைப் புருஷனும், கேள்விப்பட்ட அன்றே தடுக்கலாம், தடுக்காவிட்டால் அது நிலைக்கும் என்று சட்டம். அந்தக் காலத்துக் குடும்ப அமைப்பை அப்படியே இன்றைக்குக் கொண்டுவர நான் சொல்லவில்லை. ஆனால் அதன் பின்னால் ஒரு நியாயம் இருக்கிறது: ஒருவர் பண்ணும் பொருத்தனையின் செலவை வீடு முழுக்கச் சேர்ந்துதான் ஏற்கிறது. இன்று அது புருஷன் பண்ணும் பொருத்தனைக்குத்தான் அதிகம் பொருந்தும் என்பேன். கன்வென்ஷன் பந்தலில் உருகிப்போய் ஒரு லட்சம் எழுதிக்கொடுத்துவிட்டு வருகிறவர், பிள்ளைகளின் காலேஜ் பீஸ் கட்டவேண்டிய பணம் அது என்பதை மனைவி சொல்லித்தான் நினைக்கிறார்.

அன்னாள் பண்ணினது பெரிய பொருத்தனை. பிள்ளையைக் கொடுத்தால் அந்தப் பிள்ளையை ஆயுள் முழுக்க உமக்கே தருவேன் என்றாள். ஆனாலும் அவள் சாமுவேல் பிறந்த உடனே ஓடவில்லை. வருஷப் பலிக்கு எல்லாரும் சீலோவுக்குப் புறப்பட்டபோது, பால் மறக்கப்பண்ணியதும் கொண்டுபோகிறேன் என்று எல்க்கானாவிடம் சொன்னாள். அவனும் சரி என்றான். தாயின் உடம்பு, பிள்ளையின் வயது, புருஷனின் சம்மதம் மூன்றும் அந்தத் தவணைக்குள் இருந்தன. தவணை வந்ததும் சாக்குச் சொல்லவில்லை. காளைகளோடும் மாவோடும் திராட்சரசத்தோடும் பிள்ளையைக் கொண்டுபோய் விட்டாள். அதன் பிறகும் வருஷாவருஷம் சின்னச் சட்டை ஒன்று தைத்து எடுத்துக்கொண்டு போனாள். கொடுத்துத் தீர்ந்த பொருத்தனைக்கும் பின்வேலை இருக்கிறது.

உங்கள் வாக்கையும் ஒரு தாளில் எழுதி, எவ்வளவு, எப்போதிருந்து, எதுவரை என்று குறித்து, அது யார் யாரைத் தொடுகிறதோ அவர்களிடம் காட்டுங்கள். அவர்கள் முகம் மாறினால் அதைப் பேசித் தீர்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.

உலை வைக்கும்போது ஒரு பிடி

புது வாக்குக்குப் புது நேரம் தேடாதீர்கள். ஏற்கெனவே தவறாமல் நடக்கிற ஒன்றோடு அதைக் கட்டிவிடுங்கள். மிசோரம் சபைப் பெண்கள் 1910 வாக்கில் தொடங்கிய வழக்கம் ஒன்று உண்டு. ஒவ்வொரு வேளையும் சமைக்க அரிசி அளக்கும்போது ஒரு பிடியை எடுத்துத் தனிப் பாத்திரத்தில் போட்டுவிடுவார்கள். சேர்ந்த அரிசியை ஆலயத்துக்குக் கொண்டுவருவார்கள், அது விற்று ஊழியத்துக்குப் போகும். மிசோ மொழியில் அதற்கு ‘புஃபாய் தாம்’ என்று பெயர். நம் பக்கத்துச் சபைகள் பலவற்றிலும் கைப்பிடி அரிசிக் காணிக்கை இருந்தது, சில இடங்களில் இன்றும் இருக்கிறது.

அந்தப் பெண்கள் பெரும்பாலும் ஏழைகள். மாதம் ஒரு தொகை கொடு என்றால் அவர்களால் முடிந்திருக்காது. ஆனால் சோறு பொங்காத நாள் இல்லை, ஆகவே கொடுக்காத நாளும் இல்லை. வைராக்கியத்தை நம்பாமல் அரிசிப் பானையை நம்பினார்கள் என்று சொல்லலாம். வேதம் வாசிக்கும் தீர்மானத்தைக் காலைக் காப்பியோடு வையுங்கள். முதியோர் இல்லத்தில் இருக்கும் பெரியம்மாவுக்குப் போன் பண்ணுகிறேன் என்று சொல்லியிருந்தால் ஞாயிறு ஆராதனை முடிந்து வண்டியை எடுக்குமுன் பண்ணிவிடுங்கள்.

வாரம் ஒரு பென்னி

இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரத்தில் ஜான் வெஸ்லியின் ஜனங்கள் 1739இல் ‘நியூ ரூம்’ என்ற கூடுகைக் கட்டடத்தைத் தொடங்கினார்கள். அதன் கடன் தீரவில்லை. 1742 பிப்ரவரியில் அதற்காகக் கூடியபோது, ஃபோய் என்ற கப்பல் தலைவர் ஒரு யோசனை சொன்னார்: கடன் தீரும்வரை ஆளுக்கு வாரம் ஒரு பென்னி. பலர் ஏழைகள், அதுவும் முடியாதே என்றார் ஒருவர். அப்படியானால் மிக ஏழைகளாகப் பதினோரு பேரை என்னோடு போடுங்கள், வாரந்தோறும் நானே போய்ப் பார்க்கிறேன், அவர்களால் முடிந்தால் தரட்டும், முடியாவிட்டால் அவர்களுக்கும் சேர்த்து நானே போடுகிறேன் என்றார் தலைவர்.

பென்னி வாங்கப் போனவர்கள் வீட்டுக்குள் நடப்பதையும் பார்த்தார்கள். ஒரு வீட்டில் குடி, இன்னொன்றில் சண்டை. வெஸ்லி இதைக் கேட்டதும், தான் நெடுநாளாகத் தேடிக்கொண்டிருந்தது இதுதான் என்று பிடித்துக்கொண்டார். பன்னிரண்டு பேர் கொண்ட வகுப்பு, அதற்கு ஒரு தலைவர், வாரம் ஒருமுறை விசாரிப்பு என்று மெதடிஸ்ட் சபை முழுக்க அது பரவியது. 1755 ஆகஸ்டு 11 அன்று லண்டன் ஸ்பிடல்ஃபீல்ட்ஸில் சுமார் 1,800 பேர் எழுந்து நின்று உடன்படிக்கை செய்த ஆராதனை அதற்குப் பிறகு வந்தது. அந்த உடன்படிக்கை ஆராதனை நம் தென்னிந்தியத் திருச்சபையின் ஆராதனை முறைகளிலும் இருக்கிறது. நாம் ஆராதனையை எடுத்துக்கொண்டோம். வாரந்தோறும் வந்து கதவைத் தட்டுகிற கப்பல் தலைவரைத்தான் விட்டுவிட்டோம்.

உங்களுக்கு அப்படி ஒருவர் வேண்டும். ஒரே ஒருவர் போதும். உறவுக்காரராக இல்லாமலிருப்பது நல்லது, ஆணுக்கு ஆணும் பெண்ணுக்குப் பெண்ணுமாக இருக்கட்டும். வாய் காப்பவரா என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள், ஜெபக் குறிப்பு என்ற பெயரில் ஊருக்கெல்லாம் சொல்லிவிடுகிறவர்கள் எல்லாச் சபையிலும் உண்டு. வாரத்தில் ஒருநாள் பேசுங்கள். “அண்ணாச்சி, இந்த வாரம் மூணு நாள் ஜெபம் வச்சேன், மத்த நாள் விட்டுப்போச்சு” என்று கணக்குச் சொன்னால் போதும், காரணங்களை அடுக்க வேண்டாம். கேட்கிறவரும் பிரசங்கம் பண்ணாமல், “சரி தம்பி, விட்டது எந்த நாள், ராத்திரி என்ன வேலை இருந்துச்சு?” என்று கேட்டால் நல்லது. முடியாத வாரத்தில் அந்த பென்னியை அவர் போடட்டும்: உங்கள் வீட்டுக்கு வந்து ஒரு இரவு அவரே ஜெபத்தை நடத்திவிட்டுப் போகலாம். கிருபை பல சமயம் இப்படி ஆள் உருவில் படியேறி வருகிறது.

குடியை விட்டவர்களுக்கு இது இன்னும் அவசரம். 1935 மே மாதம் அமெரிக்காவின் ஆக்ரன் நகரத்தில் ஒரு ஓட்டலில் பில் வில்சன் என்பவர் தனியாக நின்றுகொண்டிருந்தார். குடியை விட்டு ஐந்து மாதம். வந்த வியாபாரம் தோற்றுப்போயிருந்தது. கூடத்தின் ஒரு பக்கத்தில் மதுக்கூடம், இன்னொரு பக்கத்தில் தொலைபேசியும் ஊர்ச் சபைகளின் பட்டியலும். அவர் தொலைபேசிக்குப் போய்ப் போதகர்களைக் கூப்பிட்டார். தன்னைப் போலக் குடியில் தவிக்கும் இன்னொருவரோடு பேசவேண்டும், பேசினால்தான் தான் பிழைப்போம் என்பது அவர் கேட்டது. அப்படிக் கிடைத்தவர் டாக்டர் பாப் ஸ்மித். அந்த டாக்டர் கடைசியாகக் குடித்த ஜூன் 10ஆம் தேதியைத்தான் ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’ தன் பிறந்தநாளாக வைத்திருக்கிறது. அங்கே யாரும் ஆயுள் முழுக்க என்று சபதம் எடுப்பதில்லை. இன்றைக்கு மட்டும் என்கிறார்கள். நம் நாட்டிலும் அந்தக் கூட்டங்கள் நடக்கின்றன, பல இடங்களில் ஆலய வளாகத்திலேயே. கட்டணம் கிடையாது.

ஒரு எச்சரிக்கையையும் சேர்த்துக்கொள்கிறேன். பல வருஷம் தினமும் அதிகமாகக் குடித்தவர், பொருத்தனை பண்ணிவிட்டேன் என்று ஒரேநாளில் நிறுத்தினால் நடுக்கமும் வலிப்பும் புத்தித் தடுமாற்றமும் வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவர் மேற்பார்வையில் நிறுத்துவது விசுவாசக் குறைவு ஆகாது.

தவறிவிட்டால்

யெப்தாவின் கதை எல்லாருக்கும் தெரியும். ஜெயித்து வந்தால் என் வீட்டு வாசற்படியிலிருந்து எதிர்கொண்டு வருவது கர்த்தருக்குரியது என்றான். தம்புரு வாசித்துக்கொண்டு வந்தது அவனுடைய ஒரே மகள். வாய் திறந்து சொல்லிவிட்டேன், மாற்ற முடியாது என்று நினைத்தான். அந்த அதிகாரத்தில் ஓர் ஆசாரியன்கூட வருவதில்லை. அவன் யாரிடமும் போய் ஆலோசனை கேட்டதாக இல்லை.

கேட்டிருந்தால் வழி இருந்தது. பதறிப்போய் ஆணையிட்டுவிட்டவன் அதை அறிக்கையிட்டு, குற்றநிவாரண பலி கொண்டுவர வேண்டும் என்று லேவியராகமம் 5இல் இருக்கிறது. பொருத்தனை பண்ணின ஆளுக்குப் பதிலாக மதிப்புக் கொடுத்து மீட்பதற்கு 27ஆம் அதிகாரத்தில் விலையே போட்டிருக்கிறது: 20 முதல் 60 வயது வரையுள்ள ஆணுக்கு 50 சேக்கல், பெண்ணுக்கு 30. அவ்வளவு கொடுக்கத் திராணி இல்லாதவன் ஆசாரியனிடம் வரட்டும், அவனுடைய நிலைமைக்குத் தக்கபடி ஆசாரியன் மதிப்பிடட்டும் என்கிறது எட்டாம் வசனம். பொருத்தனை பண்ணின வீட்டைத் திரும்ப மீட்கிறவன் ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுக்க வேண்டும். தவறிப்போகிறவர்களையும் இல்லாதவர்களையும் முன்கூட்டியே எண்ணி எழுதின சட்டம் இது.

எனவே விட்டுப்போன பொருத்தனையை மனதுக்குள் புதைத்துவைத்து, வீட்டில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் அதனால்தானோ என்று பயந்துகொண்டிருக்க வேண்டாம். போதகரிடம் போய், என்ன சொன்னேன், எவ்வளவு செய்தேன், எங்கே நின்றது என்று விஷயத்தை வையுங்கள். பாவமான காரியத்துக்குச் சொன்ன வாக்காக இருந்தால் அதைக் காப்பதுதான் தப்பு. விட்டுவிட்டு மன்னிப்புக் கேளுங்கள். அளவுக்கு மீறிச் சொன்னதாக இருந்தால் அளவைக் குறைத்து, புதிய தேதி போட்டுக்கொள்ளுங்கள். மனிதருக்குக் கொடுத்த வாக்கு உடைந்திருந்தால் ஆண்டவரிடம் அழுவதோடு நிறுத்தாமல், அந்த மனிதரிடமும் போகவேண்டும், நஷ்டத்துக்குமேல் ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுக்கிற மனதோடு போகவேண்டும். கலியாண வாக்கு இந்தக் கணக்கில் வராது, அதற்கு இந்த நூலில் தனி அத்தியாயம் இருக்கிறது. இங்கே ஒன்று மட்டும்: அடியும் உதையும் வாங்கிக்கொண்டு வாய்மூடி இருப்பதற்கு வாக்கைக் காப்பது என்று யாராவது பெயர் வைத்தால் நம்பாதீர்கள். பெண்களுக்கான 181 என்ற உதவி எண் இரவும் பகலும் இயங்குகிறது.

கடைசியாக, அறுப்பின் பண்டிகை ஏலம். உற்சாகத்தில் ஒரு தேங்காயை ஆயிரத்துக்கும் ஒரு சேவலை ஐயாயிரத்துக்கும் கேட்டு எடுத்துவிட்டு, சேவலையும் குழம்பு வைத்துவிட்டு, தொகையைப் பாக்கி வைத்திருப்பவர்கள் நம்மில் உண்டு. சபைப் பொருளாளரைக் கண்டால் வேறு தெருவில் திரும்புவார்கள். அதுவும் ஆண்டவர் முன்னிலையில் சொன்ன வாக்குதான். வருகிற ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பொருளாளரைப் போய்ப் பாருங்கள். மொத்தமாக முடியாது என்றால், மாதம் ஐந்நூறாகத் தருகிறேன் என்று சொல்லி முதல் தவணையை அங்கேயே கட்டி ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த பண்டிகை வருவதற்குள் முடித்துவிடலாம், முடியும்வரை ஏலத்தில் சேவல் கேட்காமல் இருந்தால்.